டேப் அனுப்புங்கள், அண்ணி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் செல்லமாகக் கூப்பிடும் வம்புதான் எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? உங்கள் புது மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி பழையவரைப் போல் எரிந்து விழாமல் இருக்கிறாரா?

நீங்கள் ஊர் மாறிப் போனாலும் நான் விடுவதாக இல்லை. செப்டம்பரில் கிட்டார் சங்கம் நூலக மாடி அரங்கில் நடத்தும் நிகழ்ச்சிக்கு நம் இருவரையும் ஜோடியாகச் சேர்த்துவிட்டேன். சங்கச் செயலாளர் தாடிக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்க அண்ணி அங்க, நீங்க இங்க. எப்படிம்மா சேந்து வாசிப்பீங்க?" "அது எங்க பாடு சார், நீங்க நாற்காலி போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குத்தான் பக்கத்து வீட்டுப் போனில் தொண்டை கிழியக் கத்தினேன், டேப் அனுப்புங்கள் என்று. கவர் வந்தது. பிரித்தால் ஆறு கோடு போட்டு எண் எண்ணாக எழுதிய நாலு தாள்! அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்ட் பில்லா? ஏன் இவ்வளவு நீளம்?" என்றாள். அண்ணி, நான் கேட்டது கேசட். காதில் விழுகிற டேப்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
வம்பு


பிப்ரவரி 20

அன்புள்ள வம்புக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். கரண்ட் பில் என்ற இடத்தில் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். முதலாளி எரிந்து விழவில்லை, ஆனால் அவருக்கே கண்ணாடி தேவை, போட மாட்டேன் என்கிறார். அத்தையை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அந்தத் தாளுக்கும் பெயர் டேப்தான், டேப்லச்சர் என்பதன் சுருக்கம், அம்மா தாயே. ஆறு கோடும் ஆறு கம்பி. எண் போட்டிருப்பது கிட்டார்க் கழுத்தில் எந்த ஃப்ரெட்டில், அதாவது எந்தக் கட்டத்தில், விரல் வைக்க வேண்டும் என்பதற்கு. கீழே பொடியாக எழுதியிருப்பது எந்த விரல் என்று. ஒன்று ஆள்காட்டி, நாலு சுண்டுவிரல். இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கேசட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன், வேகம் பிடிபடுவதற்காக மட்டும். அதைக் கேட்டே கற்றுக்கொண்டுவிட்டேன் என்று வந்து நிற்காதே.

நீ தனியாக வாசித்தால் எப்படி வேண்டுமானாலும் வாசி. ஜோடியாக வாசிக்கும்போது நேற்று ஒரு மாதிரி, இன்றைக்கு ஒரு மாதிரி என்று நீ போனால் நான் எங்கே வந்து சேர்வது? எனக்குத் தாள் முன்னால் இல்லாவிட்டால் கை ஓடாது. கேலி செய்வாய், செய்துகொள்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சுகம். கேசட்டைக் கேட்டே கற்றுக்கொண்டுவிட்டேன்!

என் பங்கைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். ஆலை விட்டு வந்ததும் முகம் கழுவி உட்கார்ந்தால் காது தானாக வழி காட்டுகிறது. உங்கள் கேசட்டில் மூன்றாவது வரி முடியும் இடத்தில் அண்ணன் தும்மியிருக்கிறார், அதுவரை எனக்கு மனப்பாடம். தாள் பத்திரமாக இருக்கிறது, அம்மா அதன் மேல் மருந்துக் குப்பியை வைத்திருக்கிறாள்.

ஆலையில் புது இயந்திரம் வந்திருக்கிறது. பெரிய அட்டையை உள்ளே தள்ளினால் ஒரே அழுத்தில் பெட்டியின் வடிவம் வெட்டுப்பட்டு விழுகிறது. என்னைத்தான் அதற்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். பெருமைதான், ஆனால் சத்தம் காதைப் பிளக்கிறது. பஞ்சு வைத்துக்கொள்கிறேன். காது எனக்கு முக்கியம் இல்லையா?

உங்கள்
வம்பு


மார்ச் 21

அன்புள்ள வம்புக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். காதில் பஞ்சு வைத்தது புத்திசாலித்தனம். இனி வீட்டிலும் வைத்துக்கொள்.

உன் கேசட்டைத் தாளோடு வைத்துக் கேட்டேன். முதல் இரண்டு வரி பழுதில்லை. மூன்றாவது வரியில் சேர்த்து மீட்ட வேண்டிய இரண்டு சுரங்களில் ஒன்றை முழுங்கிவிட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும். அங்கே சுண்டுவிரலை நீட்ட வேண்டும். நீ அந்த விரலைக் கையோடு ஒட்டி வந்த விருந்தாளி மாதிரி சும்மா வைத்திருக்கிறாய். காதுக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை என்றால் நைசாக விட்டுவிட்டுப் போகிறாய், நல்லாத்தான் இருக்கிறது என்று உன் காதும் உனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தாள் அப்படிச் சொல்லாது.

ஒரு மாதம் தாளைப் பார்த்து வாசி. எனக்காக.

அண்ணி


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். அம்மாவும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கோபம் வந்தது. இரண்டு நாள் கிட்டாரையே தொடவில்லை. மூன்றாம் நாள் மருந்துக் குப்பியை நகர்த்திவிட்டுத் தாளை எடுத்தேன்.

நீங்கள் சொன்னது சரிதான், போதுமா? சுண்டுவிரலை நீட்டி அந்த இடத்தில் அழுத்தினால் முதலில் ஈ செத்த மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு சுரமும் சேர்ந்து கணீர் என்று வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். நான்தான் வாசிக்கிறேன் என்று அவளால் நம்ப முடியவில்லை.

அடுத்த பக்கங்களையும் அனுப்புங்கள். செப்டம்பரில் அந்த அரங்கில் ஒரு ஆள் எழுந்து போகக் கூடாது.

உங்கள்
வம்பு


மே 17

அன்புள்ள வம்புக்கு,

நீயும் அத்தையும் நலம்தானே? ஏப்ரலிலேயே அடுத்த பக்கங்களை அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி ஒரு கார்டு போட்டேன். அதற்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தால், "அவ வெளியில போயிருக்கா" என்று அந்த அம்மா சட்டென்று வைத்துவிடுகிறார்.

போன மாதக் கடைசியில் உன் அண்ணன் ஆபீஸ் வேலை என்று அந்தப் பக்கம் வந்தாரே, வீட்டுக்கு வந்தாரா? திரும்பி வந்த ஆள் சரியாகச் சாப்பிடவில்லை. "வம்பு எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கா. வேலை ஜாஸ்தி" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

நான் ஏதாவது மனம் நோகும்படி எழுதிவிட்டேனா? அப்படியென்றால் திட்டி ஒரு வரி எழுது.

அண்ணி


ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆலையில் இயந்திரம் பழுது. எனக்குக் கொஞ்ச நாள் விடுப்பு.

ஒரு விஷயம். ஒரே சுரம் கிட்டாரில் இரண்டு மூன்று இடங்களில் இருக்கிறதே, தாளில் ஏன் ஒரு இடத்தை மட்டும் எழுதுகிறீர்கள்? வேறு கம்பியில் எடுத்தால் குற்றமா?

இனி எனக்குத் தாள் வேண்டாம். உங்கள் பங்கை மட்டும், மெதுவாக, கேசட்டில் அனுப்புங்கள். நான் காதாலேயே பார்த்துக்கொள்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

வம்பு


ஜூன் 14

வம்புக்கு,

நலம்தான். கேசட் இத்துடன் இருக்கிறது. மெதுவாகத்தான் வாசித்திருக்கிறேன்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் நீ எழுதிய கடிதத்தைக் கடைக்கு எடுத்துப் போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தரம் படித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இப்போது பழைய கதைக்கே போய்விட்டாய். வேறு கம்பியில் எடுத்தால் குற்றமா என்று கேட்கிறாய். குற்றமில்லை. ஆனால் சுகமான இடத்தைத் தேடிக்கொண்டு போவதற்குப் பெயர் காது இல்லை, சோம்பேறித்தனம். கை வலிக்கிறது என்றால் எல்லாருக்கும்தான் வலிக்கிறது. உனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

வாசிக்க இஷ்டமில்லை என்றால் சொல். தாடிக்காரருக்கு நானே எழுதிவிடுகிறேன்.

அண்ணி


ஜூலை 10

அன்புள்ள அண்ணிக்கு,

தாடிக்காரருக்கு எதையும் எழுத வேண்டாம்.

இத்துடன் கேசட் வைத்திருக்கிறேன். இதுதான் என் பங்கு. முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் வாசித்தது. பிடித்தால் சேர்ந்து வாசிப்போம். பிடிக்காவிட்டால் நீங்கள் எதிரே உட்கார்ந்து கேளுங்கள், நான் தனியாக ஏறி வாசிக்கிறேன். எப்படியும் மேடை ஏறுவேன்.

அம்மா உங்களைக் கேட்டாள். அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிடட்டும்.

வம்பு


ஜூலை 24

என் வம்புக்கு,

சுகமா என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இந்தத் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கேசட் வந்த அன்றைக்கு ஒரு தரம் கேட்டேன். மெட்டு மாறவில்லை. ஆனால் அது வேறு எங்கிருந்தோ வந்தது. மெல்லிய கம்பியில் கேட்க வேண்டிய சுரம் தடித்த கம்பியின் குரலில் கேட்டது. சரி, இவள் எங்கெங்கே ஏமாற்றுகிறாள் என்று தாளில் எழுதி முகத்துக்கு நேரே நீட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். நான் இதுவரை அச்சிட்ட தாளைப் பார்த்து வாசித்திருக்கிறேன், பார்த்து எழுதியிருக்கிறேன். காதால் கேட்டு எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. ஒரு சுரம் கேட்பேன், நிறுத்துவேன், என் கிட்டாரில் தேடுவேன், எழுதுவேன்.

மூன்றாவது வரியில் கீழே ஒன்றும் மேலே எட்டத்தில் ஒன்றும் சேர்த்து மீட்ட வேண்டும். நீ சேர்க்கவில்லை. கீழே தொட்டுவிட்டு மேலே வழுக்கிப் போகிறாய். தடித்த கம்பியைத் தளர்த்தி வைத்து, விரலே வைக்காமல் ஒரு சுரத்தை எடுத்திருக்கிறாய். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. சோம்பேறி செய்கிற வேலை இல்லையே இது என்று அப்போதே தோன்றியது.

பிறகு வழக்கம்போல எண்களுக்குக் கீழே எந்த விரல் என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. பக்கம் திருப்பினேன். ஒன்று, இரண்டு. நாலு பக்கமும் முடிந்துவிட்டது வம்பு, மூன்றும் வரவில்லை, நாலும் வரவில்லை.

உன் அண்ணன் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அவ இடது கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

பேப்பரை மடித்தார். மடித்ததையே இன்னும் சிறிதாக மடித்தார்.

"கேக்கிறேன்ல?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டா."

"சொல்ல வேணாம். காட்டுங்க."

தன் இடது கையைத் தூக்கினார். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மடக்கினார். அப்படியே முகத்தை மூடிக்கொண்டார்.

ஜூன் மாதம் நான் எழுதிய அந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருந்தால் நல்லது. கிழிக்காவிட்டால் இப்போது கிழித்துவிடு. அதை எழுதிய கையைப் பார்த்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கிளம்பி வந்துவிடலாம் என்று பெட்டியை எடுத்தேன். பிறகு உன் கேசட்டை இன்னொரு தரம் போட்டேன். அழுவதற்காக ஒருத்தி வந்து நிற்க வேண்டும் என்று நீ கேட்கவில்லை. ஜோடியாக வாசிக்கத்தான் கேட்டிருக்கிறாய். ஆகவே வேலையைச் சொல்கிறேன். மூன்றாவது வரியில் நீ வழுக்கிப் போகும்போது என் பங்கு உன்னை இடிக்கிறது. அந்த இடத்தில் மேல் சுரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், நீ கீழே மட்டும் நில். ஐந்தாவது வரியில் நீ தடுமாறுகிறாய். அது விரலால் வந்த தடுமாற்றம் இல்லை, அவசரத்தால் வந்தது. அதைச் சரிசெய்.

நீ வாசித்ததை நான் எழுதிய தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

ஏப்ரல் நடுவில் நடந்தது. அட்டை ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டது. இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை விட்டேன். அது நிற்கவில்லை. வலி அப்புறம்தான் வந்தது, முதலில் ஆச்சரியம்தான் வந்தது. பக்கத்தில் நின்றவள் தன் துப்பட்டாவைச் சுற்றி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மருத்துவமனையில் அண்ணன் என் கட்டிலுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதார். அவரைத் திட்டாதீர்கள். நான்தான் வாயை அடைத்தேன்.

ஏன் மறைத்தேன் என்று சொல்கிறேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். "போகுதும்மா, உயிர் பிழைச்சியே." "கிட்டாரெல்லாம் இனி எதுக்கு?" அம்மா அதை எடுத்துப் பரணில் வைக்கச் சொன்னாள், என் கண்ணில் படக் கூடாதாம். நீங்களும் அந்தக் குரலில் பேசிவிட்டால் நான் பரணில் ஏறி எடுத்திருக்க மாட்டேன். உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்தது. சோம்பேறி என்று படித்ததும் முதலில் சிரித்தேன், பிறகு எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு மாதமாக என்னை ஒரு ஆளாக மதித்துத் திட்டியவர் நீங்கள் ஒருவர்தான். அதைக் கிழிக்க மாட்டேன்.

கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வலது கையால் அழுத்திப் பார்த்தேன். அந்தக் கைக்கு எதுவுமே தெரியவில்லை, எழுதப் படிக்கத் தெரியாத ஆளைப் பரீட்சைக்கு அனுப்பிய மாதிரி விழித்தது. இடது கையில் மிஞ்சிய இந்த இரண்டு விரலுக்குத் தெரிந்தது போதும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் தாள் எனக்கு எவ்வளவு உதவி தெரியுமா? காதால் ஒரு இடத்தைக் கண்டுபிடிப்பேன், மறுநாள் அது எங்கே என்று மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து தேடுவேன். இப்போது என் பங்கு எழுத்தில் இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். ஐந்தாவது வரியில் அவசரப்படுவது உண்மை.

ஆலையில் வெட்டிய பெட்டிகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். போய் வருகிறேன்.

தாடிக்காரர் நல்ல மனுஷர். "மேடையில உங்க கையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்றேம்மா, கேக்கிறவங்க புரிஞ்சுப்பாங்க" என்றார். "சொன்னீங்கன்னா நான் இறங்கிப் போயிடுவேன் சார். பாட்டைக் கேக்கட்டும்" என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

கடைசியாக ஒன்று. நான் வழுக்கிப் போகும் இடங்களில் ஒவ்வொரு தடவையும் நேரம் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். அதைத் தாளில் எழுத முடியாது. நீங்கள் என் கையைப் பார்த்து, என்னைக் கேட்டு வாசிக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் முன்னால் தாள் இருக்கக் கூடாது. முடியுமா முடியாதா என்று கேட்கவில்லை. வாசித்துப் பழகிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
வம்பு


செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உங்களுக்கு லீவு கிடைக்காமல் போனதில் அம்மாவுக்கு மகா வருத்தம். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

அண்ணி நாலு நாள் முன்னதாக வந்து இறங்கினார்கள். ரயிலடியில் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நகத்தை வெட்டு. கம்பியில இடிக்குது" என்றார்கள். அவ்வளவுதான்.

நாலு நாளும் காலையும் மாலையும் பழகினோம். தாள் இல்லாமல் அண்ணி பட்ட பாடு! இரண்டு வரி போவார்கள், நிற்பார்கள், மேஜைப் பக்கம் திரும்புவார்கள். நான் தாளை அம்மாவின் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டேன். "கொடுடி" என்று ஒரு தரம் அழுகிற மாதிரியே கேட்டார்கள். கொடுக்கவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. எங்களுக்கு முன்னால் வாசித்த இருவரும் கெட்டிக்காரர்கள். உட்கார்ந்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் என் கையைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரை இடித்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். தலையசைத்தார்கள். தொடங்கினோம்.

நாலாவது வரியில் அண்ணியின் கை நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போனது. எதிரே தாள் இருக்கும் இடத்தைத்தான் பார்த்தார்கள், அங்கே வெறும் காற்று. நான் நிறுத்தவில்லை அண்ணா. அதே வரியை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன், கொஞ்சம் மெதுவாக. வரவில்லை. மூன்றாம் முறையும் எடுத்தேன். "கேளுங்க" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்கள். வரியின் நடுவில், தாளில் எங்குமே இல்லாத ஒரு இடத்தில், மேல் சுரத்தோடு உள்ளே வந்து சேர்ந்தார்கள். அதன்பிறகு யார் யாரைப் பின்தொடர்ந்தோம் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாவது வரியில் நான் அவசரப்படவில்லை.

முடிந்ததும் கிட்டாரை மடியில் சாய்த்தேன். பிறகு கைதட்டல். முதலில் எழுந்தது அம்மாதான், அந்த முழங்காலோடு. தாடிக்காரர் பின்னாலேயே வந்து, "நாலாவது வரியை மூணு தரம் வாசிச்சீங்களே, அது ரொம்ப அருமை, யார் யோசனை?" என்று கேட்டார். நான் அண்ணியைக் காட்டினேன், அண்ணி என்னைக் காட்டினார்கள்.

இனி அண்ணி எழுத வேண்டுமாம். பேனாவைப் பிடுங்குகிறார்கள்.

உங்கள் தங்கை
வம்பு

நான்தான். சுகம். நாளைக்குக் கிளம்புவதாகச் சொன்னேன், இப்போது கிளம்பவில்லை. அந்த நாலாவது வரி மேடையில் வந்தது போல வீட்டில் வர மாட்டேன் என்கிறது. நான் ஒரு மாதிரி எழுதினால் அவள், "அப்படி இல்ல அண்ணி, கேளுங்க" என்று வாசித்துக் காட்டுகிறாள், அவள் வாசிப்பதை எழுதினால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அது சரியாகாமல் நான் ரயில் ஏறுவதாக இல்லை. கடைக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். சாப்பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.